கோலுக்குப் பொட்டு வைத்த வெள்ளிக்கிழமை

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதிலும் எங்கள் வாத்தியாருக்கு மலைக் குளிர் ஆகாது. வாரத்தில் பாதி நாள் அடிவாரத்திலேயே நின்றுவிடுவார். அதனால் எழுத்துகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வரும். மூன்று சுழியா இரண்டு சுழியா என்று சந்தேகம் வந்த இடங்களில் இரண்டரைச் சுழி போட்டிருக்கிறேன். உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கடற்படையின் கடல் அளக்கும் பிரிவில் சிவிலியன் தொழிலாளியாக இருபத்தேழு வருடம் வேலை பார்த்தேன். முழங்கால் மடங்க மறுத்ததால் வயது வரும் முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது அந்தப் பிரிவில் இருக்கும் பையன்கள் பழைய ஆட்களின் அனுபவங்களை ஒரு மலராகச் சேர்க்கிறார்களாம். ஒருவர் போன் செய்தார். "ஐயா, நீங்க சும்மா பேசுங்க, நாங்க எழுதிக்கறோம்" என்றார். எனக்கு உடனே வியர்த்துவிட்டது. எழுதியே அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"ஏனுங்க, அத்தன வருசம் சம்பளம் வாங்கினீங்க. போன்ல ரெண்டு வார்த்த பேச மாட்டீங்களா?" என்றாள் என் மனைவி.

சம்பளத்தைப் பேசி வாங்கவில்லை, பேசாமல்தான் வாங்கினேன் என்று அவளிடமும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் நான் கடற்படைக்காரன் என்றால் துப்பாக்கி பிடித்தவன் என்றுதான் எண்ணுகிறார்கள். போன மாதம் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் மலை ஏரியில் இருக்கும் வாசலூர்பட்டிப் படகுத் துறைக்குப் போயிருந்தேன். டிக்கெட் கொடுக்கிறவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"கப்பல்ல இருந்தவரு வந்துட்டாருங்க. எத்தன பேரச் சுட்டிருப்பீங்க?"

"யாரையும் சுடலீங்க."

"சும்மா சொல்லாதீங்க. பின்ன அங்க என்னதான் பண்ணுனீங்க?"

"தண்ணி அளந்தனுங்க."

அவர் கொஞ்ச நேரம் என்னையும் ஏரியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அதுக்குச் சம்பளமாங்க?"

சண்டை இல்லாத காலத்தில் கடற்படை என்ன செய்யும் என்று அவரைப் போலப் பலருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் போனேன். கடலுக்கு அடியில் எங்கே பாறை, எங்கே மணல்மேடு, எங்கே எத்தனை மீட்டர் ஆழம் என்று கப்பலும் படகும் கொண்டு அளந்து வரைபடம் போடுவார்கள். அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் எண்ணெய்க் கப்பலும் போகும், மீன் படகும் போகும். நான் இருந்த இத்தனை வருடத்தில் எங்கள் கப்பல் கோபமாக யாரையும் பார்த்ததில்லை. அளந்துகொண்டே இருந்தது.

நான் கடலுக்குப் போனதே மலை ஏறித்தான். சேந்தமங்கலத்தில் ஒரு மிளகு வியாபாரி. எங்கள் பக்கத்து மிளகை லாரியில் கொச்சிக்கு அனுப்புவார். ஒரு தடவை நான் மூட்டை இறக்கக் கூடப் போனேன். வியாபாரியின் அக்கா மகன் பாஷா, என் வயதுதான், சரக்குக்குக் காவலாக வந்தான். கொச்சியில் மூட்டை இறக்கிவிட்டு டீ குடிக்கும்போது, கடற்கரைக் குன்று ஒன்றின் உச்சிக்கு சிமெண்டு மூட்டை தூக்கக் கடற்படைக்கு ஆள் வேண்டும் என்று சொன்னார்கள். கரையில் அடையாளத் தூண் கட்டினால்தான் கடலில் இருக்கிற படகு தான் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட முடியுமாம். அந்தக் குன்று எங்கள் ஊரில் குன்றே இல்லை, மேடு. நான் மூட்டையோடு ஏறி இறங்கி, மறுபடி ஏறினேன். மற்றவர்கள் பாதி வழியில் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கே என்னை வைத்துக்கொண்டார்கள். பாஷா பிரியாணி செய்வான் என்று சொன்னதால் அவனையும் சமையலுக்கு வைத்துக்கொண்டார்கள். சொன்னது அவனேதான்.

முதல் நான்கைந்து வருடம் தூக்கினேன், தோண்டினேன், கம்பி இழுத்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பிறகு சீஃப் என்னைக் கோலுக்கு மாற்றினார்.

சீஃப் என்பது அவர் பதவி. எங்கள் கரை முகாமுக்கு அவர்தான் தலை. தூத்துக்குடிக்காரர். அளவான மீசை, அளவான சாப்பாடு. சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. எல்லோரையும் "எல" என்றுதான் கூப்பிடுவார், அவர் ஊர்ப் பக்கம் அது "டேய்". மலையிலிருந்து வந்ததால் என் பெயர் "மலை". அவர் "எல" என்று கூப்பிடும்வரை நமக்கு ஒன்றும் ஆபத்தில்லை. "நீங்க" என்று கூப்பிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

என்னைக் கோலுக்கு மாற்றியதற்கு அவர் சொன்ன காரணம் இதுதான். "எல மலை, நீ பேச மாட்ட. பேசுதவன் கோலைப் பாக்க மாட்டான். பக்கத்துல இருக்கவன் மூஞ்சியத்தான் பாப்பான்."

கோல் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கடல் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை, ஏறும், வற்றும். படகில் இருந்து அளக்கும்போது ஐந்து மீட்டர் என்று வந்தால், அதில் கடல் ஏறி நிற்கிற அளவைக் கழித்தால்தான் உண்மையான ஆழம் கிடைக்கும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரிய, கரையோரத் தண்ணீரில் ஒரு நீண்ட மரக்கோலை நட்டிருப்போம். கறுப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாகப் பூசி, சென்டிமீட்டர் எண் எழுதியது. அடியில் இரும்புப் பூண். சுற்றிலும் கல்லைக் குவித்து, நாலு பக்கம் கம்பி இழுத்துக் கட்டியிருக்கும்.

என் வேலை, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பைனாகுலரில் அதைப் பார்ப்பது. அலை மேலே போகும், கீழே வரும். அவசரப்பட்டு எழுதக் கூடாது. நாலைந்து அலையின் உச்சியையும் பள்ளத்தையும் பார்த்து, நடுவை எடுத்து, நோட்டில் எழுத வேண்டும். பிறகு வயர்லெஸ்ஸில் படகுக்குச் சொல்ல வேண்டும். எண்ணை மட்டும் சொன்னால் போதும் என்பதால் அந்தப் பேச்சு எனக்குக் கஷ்டமாக இல்லை.

நோட்டுக்குச் சீஃப் வைத்திருந்த சட்டம் தனி. பென்சிலில்தான் எழுத வேண்டும், பேனா மை தண்ணீர் பட்டால் ஓடிவிடும். ஆனால் முகாமில் ரப்பர் கிடையாது. தப்பாக எழுதிவிட்டால் மேலே ஒரே ஒரு கோடு, அடித்தது கீழே தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண்ணும் நம் கையெழுத்தும். எந்த எண்ணைச் சொன்னாலும் மூன்று கேள்வி கேட்பார். "பாத்தியா, நெனச்சியா, கேட்டியா?" பார்த்தேன் என்றால்தான் எழுதலாம். நினைத்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் நோட்டில் ஏற்றக் கூடாது.

பாஷாவிடமும் இதையே கேட்பார். "குழம்புல உப்பு போட்டியே, பாத்தியா நெனச்சியா?"

"நெனச்சங்க சீஃப்" என்று பாஷா உண்மையைச் சொல்வான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ராமநாதபுரம் பக்கம் ஒரு மீன்பிடிக் கிராமம். பெயர் வேண்டாம். துறைமுகத்து வாயில் தண்ணீருக்குள் ஒரு பாறைத் தொடர். அதில் வருடத்துக்கு இரண்டு மூன்று வள்ளம் தட்டிவிடும். பாறை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று அளந்து தர எங்கள் கப்பல் வந்திருந்தது. கப்பல் வெளியே ஆழத்தில் நின்றது. மூன்று படகுகள் தினமும் வந்து கோடு கோடாக அளந்தன. கரையில் முகாம் போட்டுச் சீஃப், நான், பாஷா. ஊர்க்காரர்களுக்கு எங்கள்மேல் பிரியம். அதிலும் சேசு என்று ஒரு வயதான மீன்காரர் தினம் வந்து முகாம் வாசலில் குந்துவார். அவர் வள்ளம் இரண்டு தடவை அந்தப் பாறையில் அடிபட்டது.

"எப்ப முடியும் மலையாரே? சின்னக் கடுதாசியாவது குடுத்துட்டுப் போங்க. எம் மவன் படிச்சுச் சொல்லுவான்" என்பார்.

அந்தச் சேசுதான் ஒரு நாள் மறதியாகத் தன் வள்ளத்தை எங்கள் கோலில் கட்டிவிட்டார். சீஃப் அவரிடம் போய், "நீங்க இதுல கட்டக் கூடாதுய்யா" என்றார். அந்த "நீங்க"வின் கனம் அவருக்குத் தெரியாது. சிரித்துக்கொண்டே அவிழ்த்துப் போனார்.

அது ஐப்பசி பிறக்கிற சமயம். மழை வருவதற்குள் முடித்துவிட்டுக் கப்பல் வியாழக்கிழமை கிளம்ப வேண்டும். என் சொந்த விஷயம் ஒன்றும் அந்த மாதத்தில்தான் இருந்தது. அதுவரை நான் தினக்கூலி. என்னை நிரந்தரமாக்கும் காகிதம் எங்கள் அதிகாரியின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஊரில் பெண் பார்த்திருந்தார்கள். காகிதம் வந்தால் பெண், வராவிட்டால் பெண்ணின் அப்பா வேறு இடம் பார்ப்பார் என்று அப்புச்சி, என் அம்மாவின் அப்பா, ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஆயுத பூசை. கப்பலில் இயந்திரங்களுக்கெல்லாம் பூசை போடுவதால் காலையில் படகு வராது, மதியம்தான் வரும் என்றார்கள். சீஃப் மாதா கோயிலுக்குப் போகிறவர். ஆனால் கப்பல் பூசைப் பொங்கலை மட்டும் விட மாட்டார். எட்டு மணிக்கே கிளம்பிவிட்டார். "எல மலை, படகு இல்லன்னாலும் பத்து நிமிசத்துக்கு ஒருக்கா எழுதிட்டே இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் ஊரில் ஆயுத பூசைக்குக் கொடுவாள், மண்வெட்டி, கலப்பை, மிளகு பறிக்கும் ஏணி வரை எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்போம். முகாமிலும் தொடங்கினேன். கடப்பாரைக்கு வைத்தேன். மண்வெட்டி, சுத்தியல், பைனாகுலர், வயர்லெஸ் பெட்டி எல்லாவற்றுக்கும் வைத்தேன். பாஷா பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்ர அடுப்புக்கும் ஒண்ணு வெச்சுரு. அது மட்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும்" என்றான்.

அடுப்புக்கும் வைத்தேன். ஒன்பது நாற்பதுக்கு நேரம் பார்த்துக் கோலைப் படித்தேன். எண்பத்தாறு. எழுதிவிட்டு நிமிர்ந்தால், கோல் மட்டும் தண்ணீரில் தனியாக நிற்கிறது. இடுப்பு வரை பாசி. அதற்குக் கீழே சிப்பி ஒட்டிக் கிடக்கிறது. எனக்குச் சோறு போடுகிற ஆயுதம் அதுதான். கடப்பாரைக்கு இருக்கிற மரியாதை கூட அதற்கு இல்லை.

வாரம் ஒரு முறை கோலை நின்ற இடத்திலேயே தேய்த்துச் சுத்தம் செய்வது வழக்கம்தான். ஆனால் பூசைக்கு அது போதுமா? மேலோடு தேய்த்துவிட்டுப் பொட்டு வைப்பது, குளிக்காதவனுக்கு மாலை போடுவது மாதிரி. பாஷாவின் மாமா கடை காலண்டர் முகாமில் தொங்கியது. நல்ல நேரம் பத்தேகால் வரை. பத்தரைக்கு ராகு காலம். முக்கால் மணி நேரம் இருக்கிறது. இறங்கினேன்.

கம்பிகளைக் கழற்றி, கோலைக் கட்டிப்பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கினேன். கரைக்குத் தூக்கி வந்து தேங்காய் நாரால் அடி வரை தேய்த்து, நல்ல தண்ணீர் ஊற்றி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, தலையில் ஒரு முழம் சாமந்தி சுற்றினேன். கண் பட்டுவிடும் போல இருந்தது. அதே குழியில் கொண்டுபோய் இறக்கினேன். கம்பியை மாட்டினால் நாலு பக்கமும் கொக்கி எட்டவில்லை. புதுத் துணி முதல் நாள் இறுக்கமாகத்தானே இருக்கும் என்று நினைத்து, இழுத்து முறுக்கி மாட்டிவிட்டேன். கரை ஏறும்போது பத்து பதினெட்டு. ராகு காலத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் பாக்கி. எனக்கு என்மேலேயே பெருமை.

பத்து இருபதுக்குப் படித்தேன். எழுபத்தொன்று.

நடுவில் மூன்று தடவை பார்க்காமல் விட்டிருந்தேன். நோட்டில் மூன்று கட்டம் வெறுமையாக இருந்தது. சீஃப் வந்து, "இந்த மூணும் எங்கல?" என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டும். நாலு வாக்கியமாவது பேச வேண்டும். அதை நினைத்ததும் கை தானாகப் போனது. எண்பத்தாறிலிருந்து எழுபத்தொன்றுக்குப் படி இறங்குகிற மாதிரி எண்பத்திரண்டு, எழுபத்தெட்டு, எழுபத்தைந்து என்று எழுதிவிட்டேன். அந்தக் காலை முழுவதும் கடல் பத்து நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் இறங்கிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

மதியம் சீஃப் திரும்பி வந்து கோலைப் பார்த்தார். "மாப்பிள்ள மாதிரில்ல நிக்கி" என்று சிரித்தார். படகுகள் வந்தன. வெள்ளி மதியம், சனி, ஞாயிறு என்று அளந்தன. நான் எண்களைச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை வழக்கமான சோதனை. மாதா கோயில் படிக்கட்டில் நாங்கள் ஒரு பித்தளை ஆணி அடித்திருந்தோம். அதுதான் எங்களுக்கு அசையாத குறி. அதிலிருந்து லெவல் கருவியால் பார்த்துக் கோல் அதே உயரத்தில் நிற்கிறதா என்று வாரா வாரம் சரி பார்ப்போம். சீஃப் பார்த்தார். எழுதினார். மறுபடி பார்த்தார். மூன்றாம் தடவை பார்த்தபின் உட்கார்ந்து, ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.

"நீங்க கொஞ்சம் இங்க வாங்க" என்றார்.

எழுந்து போய் எதிரே நின்றேன்.

"கோல் பதினோரு சென்டி மேல நிக்கி. போன திங்கக்கிழம சரியா இருந்துச்சு. இந்த ஏழு நாள்ல யாராவது முட்டினாங்களா? பாத்தீங்களா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. கோலைப் பிடுங்கியதும் மணலும் கல்லும் குழிக்குள் சரிந்திருக்கின்றன. அதன்மேல் நட்டிருக்கிறேன். கம்பி எட்டாதது அதனால்தான். கோல் உயர்ந்தால் எண் குறைந்து தெரியும். கழிக்க வேண்டியதைக் குறைத்துக் கழித்தால், இருப்பதைவிட ஆழம் அதிகம் என்று வரைபடம் சொல்லும். அதை நம்பி வள்ளம் பாறைமேல் போகும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே சீஃப்தான். கோலைப் பிடுங்கக் கூடாது என்று மட்டும் அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. பிடுங்குவான் என்று யாரும் நினைக்கவில்லை.

"பாக்கலீங்க" என்றேன். யாரும் முட்டியதை நான் பார்க்கவில்லை, அது நிஜம்தான்.

பிற்பகல் அதிகாரி படகில் வந்து இறங்கினார். தெலுங்குக்காரர். தமிழ் நன்றாகப் புரியும், பேசினால் கொஞ்சம் இடறும். விஷயத்தைக் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். கோல் எப்போது அசைந்தது என்று தெரிந்தால் அதற்குப் பிறகு உள்ள எண்களை மட்டும் திருத்திவிடலாம். தெரியாவிட்டால் ஏழு நாளில் எது சரி, எது தப்பு என்று பிரிக்க முடியாது. மூன்று படகின் ஒரு வார வேலையும் குப்பை. வியாழக்கிழமை கப்பல் போயே ஆக வேண்டும். இந்த ஊருக்கு வரைபடம் அடுத்த வருடம்தான், அதுவும் நிச்சயமில்லை.

யாரோ சேசுவின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். கோலில் வள்ளம் கட்டியவர்தானே, இடித்ததும் அவராகத்தான் இருக்கும் என்று. ஊர்க் கமிட்டி ஆட்கள் இரண்டு பேர் அவரை அழைத்து வந்தார்கள். இடித்தது அவர்தான் என்று முடிவானால் ஒரு மாதம் அவர் கடலுக்குப் போகக் கூடாது என்று கமிட்டி சொல்லிவிட்டது.

"நான் முட்டல ஐயா" என்றார் சேசு. "எம் வள்ளம் இருக்க இருப்புக்கு, முட்டியிருந்தா உங்க கோல் அப்படியே நிக்கும், எம் வள்ளம்தான் ரெண்டாப் போயிருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. பாஷா மட்டும் டீ கொடுக்கிற சாக்கில் என் பக்கம் வந்து, உதட்டை அசைக்காமல் பேசினான். வெள்ளிக்கிழமை நான் செய்ததைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவன்.

"வாயத் தொறந்துறாத சாமி. காயிதத்துல கையெழுத்து ஆவட்டும். அப்பறம் சாவகாசமா உண்மையச் சொல்லிக்கலாம். உண்மை எங்க ஓடிப் போவுது?"

அவன் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் சேசு துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். எங்களைவிட முப்பது வயது மூத்தவர். அதிகாரி காகிதத்தை எடுத்து, "உள்ளூர்ப் படகு மோதியது, நேரம் தெரியவில்லை" என்று எழுதப் போனார்.

நான் "சாப்" என்றேன். அதற்குமேல் வரவில்லை, இருமல்தான் வந்தது. சீஃப் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு மறுபடி "சாப்" என்றேன். மறுபடி இருமல். இரண்டு செம்பு தண்ணீர் தீர்ந்தது. கமிட்டிக்காரர் ஒருவர் எனக்குக் காசநோயோ என்று தள்ளி உட்கார்ந்தார்.

பேச்சு வராது என்று தெரிந்துவிட்டது. மேசைக்குப் போய் நோட்டை எடுத்தேன். வெள்ளிக்கிழமைப் பக்கம். எண்பத்திரண்டு, எழுபத்தெட்டு, எழுபத்தைந்து மூன்றின் மேலும் ஒவ்வொரு கோடு போட்டேன். பக்கத்தில் கையெழுத்து வைத்தேன். ஓரத்தில் எழுதினேன்: "இந்த மூனும் பாக்கல நெனச்சது. பூசைக்குக் கோல் பிடுங்கினது 9.42. குளிப்பாட்டி திரும்ப நட்டது 10.18. சேசு முட்டல."

நோட்டைச் சீஃபிடம் கொடுத்துவிட்டுக் கடலைப் பார்த்து நின்றுகொண்டேன்.

சீஃப் படித்தார். முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார். பிறகு கேட்டார்.

"ஒம்போது நாப்பத்திரெண்டு. பாத்தியா, நெனச்சியா?"

"பாத்தனுங்க."

"பத்து பதினெட்டு?"

"பாத்தனுங்க. பத்தரைக்கு ராகு காலமுங்க. அதுக்குள்ள நட்டுப் போடோணும்னு கடியாரத்தையே பாத்துட்டு இருந்தனுங்க."

அதிகாரி நிமிர்ந்தார். "Friday ராகு காலம் பத்தரை டு பன்னெண்டு. கரெக்ட்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம், "பொட்டு அக்கடயே வெக்கலாமே. ஏன் வெளிய எடுத்தே?" என்று கேட்டார்.

"குளிக்காமப் பொட்டு வெக்கக் கூடாதுங்க."

அவர் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. என்மேல் உள்ள கோபத்தை அடக்குகிறார் என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

சீஃப் சிரிக்கவில்லை. நான் சொன்னதை மட்டும் வைத்து அவர் எதையும் ஏற்க மாட்டார். கட்டம் போட்ட தாளை எடுத்து வெள்ளிக்கிழமை எண்களைப் புள்ளி புள்ளியாக வைத்தார். நான் அடித்த மூன்றையும் விட்டுவிட்டார். கடல் வழக்கம்போல் இறங்கியிருந்தால் பத்து இருபதுக்கு எண்பத்திரண்டு வந்திருக்க வேண்டும். நான் படித்தது எழுபத்தொன்று. வித்தியாசம் பதினொன்று. காலையில் லெவல் காட்டியதும் பதினொன்று.

"சரியா இருக்கு சாப்" என்றார். "அந்த நேரத்துல படகும் ஓடல. முன்னால உள்ளதுல கை வெக்க வேண்டாம். பின்னால உள்ளதுக்குப் பதினொண்ணு சேத்தாப் போதும்."

பிறகு என்னிடம் திரும்பினார். "சேக்கப் போறது யாரு?"

"நானுங்க."

செவ்வாயும் புதனும் பகல் முழுவதும் சீஃப் எதிரே உட்கார்ந்து, வெள்ளி பத்து இருபதிலிருந்து எழுதிய ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பதினொன்று கூட்டி எழுதினேன். சீஃப் ஒவ்வொன்றையும் சரி பார்த்து டிக் போட்டார். இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமாக இருக்கிறாரோ என்று பயந்துகொண்டே இருந்தேன். புதன்கிழமை கடைசி எண்ணுக்கு டிக் போட்டுவிட்டு, "எல மலை, போய்க் கஞ்சியக் குடில" என்றார். அந்த "எல" காதில் விழுந்த பிறகுதான் எனக்குப் பசி எடுத்தது.

சேசுவிடம் போய் நானே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அதிகாரியின் உத்தரவு. ஊரே கூடியிருந்த மீன் ஏலக் கூடத்தில் போய் நின்றேன். மறுபடி இருமல். சேசு என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"போதும் மலையாரே, இருமியே செத்துப் போயிராதீங்க. எம் வள்ளமும் ஆயுதந்தான். அடுத்த வருசம் வந்து அதையும் குளிப்பாட்டி விடுங்க. ஆனா பிடுங்கிராதீங்க."

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கப்பல் வியாழக்கிழமை கிளம்பியது. வரைபடம் பிறகு அச்சாகி வந்தது. என் காகிதத்தை மட்டும் அதிகாரி உடனே கையெழுத்துப் போடவில்லை. நாலு மாதம் தள்ளி வைத்தார். பார்க்காததைப் பார்த்ததாக எழுதியதற்குத் தண்டனை என்று சொல்லியே செய்தார். அது சரிதான். பெண்ணின் அப்பா வேறு இடம் பார்த்துவிட்டார். அந்தப் பெண்ணின் சித்தப்பா மகளைத்தான் நான் பிறகு கட்டினேன். அவளுக்கு இந்தக் கதை இதுவரை தெரியாது. இந்தத் தாளைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.

அடுத்த வருடம் வேறு கடற்கரை, புது முகாம். முதல் நாள் எல்லோரையும் நிற்க வைத்துச் சீஃப் முகாம் விதிகளை வாசித்தார். பழைய விதிகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். கடைசியில் புதிதாக ஒன்று டைப் அடித்திருந்தது: "எந்தக் காரணத்துக்காகவும், சமயச் சடங்கு உட்பட, கோலை அதன் இடத்திலிருந்து எடுக்கக் கூடாது."

புதிதாக வந்த பையன்கள் சிரித்துவிட்டார்கள். "எந்த மகராசன் எடுத்தான் சீஃப்?" என்று ஒருவன் கேட்டான்.

நான் மண்ணைப் பார்த்தேன். சீஃப் தாளை மடித்துப் பையில் வைத்தார். "எவனோ ஒரு பய. எனக்குத் தெரியாது" என்றார்.

சீஃப் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அதன்பிறகு ஒவ்வொரு முகாமிலும் அந்த விதியை வாசிக்கும்போது புதுப் பையன்கள் சிரிப்பார்கள், அவன் யார் என்று கேட்பார்கள். ஒருவன் வடநாட்டுச் சாமியார் என்பான், ஒருவன் குடிகாரன் என்பான். நானும் கூட நின்று சிரிப்பேன். ஒரு தடவை, ஆள் நல்ல சிவப்பு, ஆறடி உயரம் என்று நானே சொல்லி வைத்தேன். சீஃப் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். அதிகாரி மாற்றலாகிப் போனார். இரண்டு பேரும் கடைசிவரை என் பெயரைச் சொல்லவில்லை. இப்போது கடல் மட்டத்தைக் கருவியே அளந்து தானே எழுதிக்கொள்கிறதாம். நல்லதுதான், அதற்குப் பூசை போடத் தோன்றாது.

இத்தனை வருடம் பையன்கள் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லாததால் நான் சொல்கிறேன். ஆறடி இல்லை, சிவப்பும் இல்லை. அந்த ஆள் நான்தான். வெள்ளையன், வாழவந்தி நாடு. எழுதிய நாள் கார்த்திகை மாதம் ஐந்தாம் தேதி.